கதை வாசிக்கையில் உள்ளே கேட்கும் குரல்: கேள்வி பதில்

சேலத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், மௌன வாசிப்பின்போது மனத்துக்குள் ஒலிக்கும் பேச்சைப் பற்றி உறுப்பினர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு, நெடுங்காலம் வாசிப்புக் கற்பித்தவன் என்ற முறையில் நான் அளித்த பதில்கள் இவை.

வேக வாசிப்புப் பயிற்சியில், மனத்துக்குள் உச்சரிப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள். நாவலுக்கும் அது பொருந்துமா, ஐயா? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

பொருந்தாது, அம்மா. வாசித்த சொற்களை ஒலி வடிவில் ஓரிரு நொடிகள் தாங்கி நிற்கும் நினைவு ஒன்று நமக்கு உண்டு என்று உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்த கொள்கை விளக்குகிறது. வாசிக்கும்போதே வேறொரு சொல்லை இடைவிடாமல் முணுமுணுக்கச் செய்த சோதனைகளில், வாக்கியத்தில் சொற்கள் இடம் மாறிக் கிடப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் குறைந்தது. வினைமுற்று கடைசியில் வரும் தமிழில், நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தை முடிவுவரை ஏந்திச் செல்ல அந்த ஒலி பெரிதும் துணை செய்கிறது என்றே நான் கருதுகிறேன். செய்தித்தாளை வேகமாகப் புரட்டுங்கள். நாவலை அப்படிப் புரட்ட வேண்டாம்.

தறிக்கூடத்தில் கணக்கு எழுத முடிகிறது. கதை மட்டும் மனத்தில் நிற்பதில்லை. (விசைத்தறி நடத்துபவர், அம்மாப்பேட்டை)

அங்கே வானொலி ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரே சீரான இரைச்சலைவிட, பிறர் பேச்சே சொற்களைத் தாங்கும் நினைவை அதிகமாகக் குலைக்கிறது.

பாத்திரங்களின் குரல் தெளிவாகக் கேட்கிறது. புத்தகத்தை மூடிய பிறகும் சில நாள் கூடவே இருக்கிறது. இது இயல்புதானா, ஐயா? (இல்லத்தரசி, ஏற்காடு)

முற்றிலும் இயல்பு. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,500க்கும் மேற்பட்ட வாசகர்களிடம் கேட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர், பக்கத்தில் ஆள் நின்று பேசுவது போலவே பாத்திரங்களின் குரல் கேட்பதாகச் சொன்னார்கள். வாசிக்காத வேளையிலும் அக்குரல் தொடர்வதாகச் சொன்னவர்கள் 19 விழுக்காட்டினர்.

எழுத்தாளர் எழுதும் விதமும் இதற்குக் காரணம். “ஏனுங்க, தூறல் போடுதுங்க, களத்துல காயற காப்பிக் கொட்டைய அள்ளிரலாமுங்களா?” என்றாள், என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். ‘என்றாள்’ வருவதற்கு முன்பே, ‘ஏனுங்க’ என்ற முதல் சொல்லிலேயே நம் மனம் அவளுக்கு ஒரு குரலையும் வயதையும் கொடுத்துவிடுகிறது. அதையே, ‘தூறல் விழுவதால் காப்பிக் கொட்டையை அள்ளிவிடலாமா என்று அவள் கேட்டாள்’ என மாற்றிப் பாருங்கள்: செய்தி அப்படியே இருக்கிறது, அவளைத்தான் காணோம். நேர்கூற்றை மௌனமாக வாசிக்கும்போது, குரலை உணரும் மூளைப் பகுதிகள் அயற்கூற்றின்போது இருப்பதைவிடக் கூடுதலாக இயங்குவதை 2011இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கதைசொல்லி எழுத்து நடையிலும் மாந்தர் பேச்சு நடையிலும் பேசும் வழக்கம் நம் புனைவில் வேரூன்றியிருப்பதால், தமிழ் வாசகருக்கு இந்த இன்பம் இரட்டிப்பாகக் கிடைக்கிறது என்பது என் நம்பிக்கை.

எனக்கு எந்தக் குரலும் கேட்பதில்லை. இது குறையா? (வங்கி ஊழியர், குகை)

குறையன்று. அகப்பேச்சு மிகக் குறைந்தவர்களை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சொற்களின் ஒலி இயைபைக் கண்டறிவதிலும் சொற்பட்டியலை நினைவுகூர்வதிலும் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். வேலை மாற்றி வேலை செய்வதில் வேறுபாடு தென்படவில்லை. காட்சியாலும் கதைப்போக்காலும் நெகிழ்கிற தேர்ந்த வாசகர்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள். உரையாடல் மிகுந்த பக்கங்களை மட்டும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

நான்காம் வகுப்பு படிக்கும் மகள் உதட்டை அசைத்தே கதை படிக்கிறாள். தடுக்க வேண்டுமா? (தந்தை, சூரமங்கலம்)

தயவுசெய்து தடுக்காதீர்கள். குழந்தை முதலில் வெளியே பேசும் பேச்சே நாளடைவில் உள்ளே சென்று சிந்தனையாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி விளக்கினார். அவருடைய நூல் 1934இல் வெளிவந்தது. அவள் உதடு அந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது. அந்த வயதில் என் உதட்டசைவுக்காக ஓர் ஆசிரியர் என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்தினார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் நான் கதைப் புத்தகத்தையே தொடவில்லை. இரவில் அவளோடு அமர்ந்து, கதையில் வரும் நரியின் பேச்சை நீங்களும் காகத்தின் பேச்சை அவளுமாக வாசியுங்கள். உதடு எப்போது ஓய வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.