தார் ரோடு போடுவதற்கு ஆன்லைன் பாடம் உண்டா?

கேள்வி: நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியர். டிப்ளமோ முடித்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. நேரில் போய்ப் படிக்கிற பயிற்சிக்கெல்லாம் எங்களை யாரும் அனுப்புவதில்லை. போனிலேயே படிக்க ஏதாவது இருக்கிறதா? ஆங்கிலம் சுமார்தான்.
- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: நிறையவே இருக்கிறது. சிக்கல் எதில் ஆரம்பிப்பது என்பதில்தான். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் (NPTEL) என்ற இணையப் பாடத் திட்டம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நல்ல பாடங்கள், பார்க்கக் காசில்லை, சிலவற்றின் உரை தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் அவை கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து எடுத்தவை. பெரிய நெடுஞ்சாலையின் தடிமனைக் கணக்குப் போடுவதில் 12 வாரம் உட்கார்ந்துவிட்டு, திங்கட்கிழமை உங்கள் 3.75 மீட்டர் ரோட்டில் போய் நின்றால் அதில் பாதிக்கு அங்கே வேலையே இருக்காது.

அதனால் முதலில் இந்தியச் சாலைக் காங்கிரஸின் இரண்டு நூல்கள்: எஸ்.பி. 20 (கிராமச் சாலைக் கையேடு), எஸ்.பி. 72 (போக்குவரத்து குறைந்த கிராமச் சாலைகளின் தார்த்தள வடிவமைப்பு). விலைக்குத்தான் கிடைக்கும், அலுவலகச் செலவில் ஒரு பிரதி வாங்கச் சொல்லுங்கள். மெல்லிய தார்ப்பூச்சு ரோட்டுக்கு கேம்பர் (நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் சரிவு) 3 முதல் 3.5 சதவீதம் என்று எஸ்.பி. 20 சொல்கிறது. அதாவது உங்கள் ரோட்டின் நடு, ஓரத்தைவிடக் குறைந்தது ஐந்தரை சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். ஒரு நூல்கயிறும் மட்டப்பலகையும் எடுத்துப் போய்ப் பாருங்கள், எத்தனை ரோட்டில் அது இருக்கிறதென்று! தண்ணீர் ரோட்டில் நின்றால் எவ்வளவு தார் ஊற்றினாலும் வீண்தான். இது புரிந்தபின் என்பிடெல்லில் வடிகால், மண், தார்க்கலவை பற்றிய பாடங்களை மட்டும் பொறுக்கிப் பார்த்தால் போதும்.

அப்புறம் அமெரிக்கா. நம்மைப் போலவே அங்கும் சின்ன ஊர்களின் ரோட்டுக்குப் பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பதில்லை. அதனால் 1982-இல் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் உள்ளூர்ச் சாலை ஊழியர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கி, இன்று எல்லா மாநிலத்திலும் மையம் வைத்திருக்கிறது. எல்டாப் (LTAP) என்று தேடுங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பேசர் (PASER) கையேட்டில் பெரும்பாலும் படங்கள்தான்: வண்டியில் போய்க்கொண்டே ரோட்டுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடலாம், எதை இப்போதே ஒட்டுப்போட வேண்டும், எதைப் பெயர்த்துப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். சுமாரான ஆங்கிலம் தாராளமாகப் போதும். பனி அள்ளும் பாடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள், கொடைக்கானல் மலையிலும் தேவைப்படாது.

கேள்வி: குழிக்குப் பேட்ச் வொர்க் போட்டால் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. சதுரமாக வெட்டிப் போட நேரமும் இல்லை, ஆளும் இல்லை. வேறு வழி?
- கடலூர் வாசகர்

பதில்: 1990-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதை நிஜ ரோட்டிலேயே சோதித்தார்கள். தரமான கலவையாக இருந்தால், குழியில் கொட்டி லாரி டயரை நாலிலிருந்து எட்டு முறை ஏற்றி இறக்குகிற முறையே, வெட்டிச் சதுரமாக்கிப் போடுவதற்கு ஈடாக உழைத்தது. ஒட்டு அக்கம்பக்கத்தைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் மேடாக நிற்க வேண்டும். இந்தச் சோதனையை வைத்து எழுதிய கையேடு இணையத்தில் இலவசம். ஆனால் 'தரமான கலவை' என்ற இடத்தில்தான் நம் ஊரில் எல்லாம் கவிழ்கிறது. மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவதற்கு இது அனுமதிச் சீட்டு இல்லை.

கேள்வி: ஆன்லைன் சான்றிதழ் வாங்கினால் பதவி உயர்வு கிடைக்குமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அது பணி விதிகளும் பணிமூப்பும் சேர்ந்த கணக்கு. என்பிடெல் சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பாடம் மட்டும் போதுமென்றால் காசே வேண்டாம்.

கேள்வி: தெருவுக்குத் தெரு வேகத்தடை கேட்கிறார்கள். அளவு எங்கே பார்ப்பது?
- பேரூராட்சி ஊழியர், ஈரோடு

பதில்: இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கிற வேகத்தடைக்கு அதன் 1988 பதிப்பு சொன்னது: வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். 2018-இல் அதைத் திருத்தியிருக்கிறார்கள், கட்டுமுன் புதிய பதிப்பில் அளவைப் பாருங்கள். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் மேலே வெள்ளைக் கோடும் கட்டாயம். நம் தெருக்களில் அரையடி அகலத்தில் கட்டி வைத்திருப்பது வேகத்தடையே இல்லை, அதை உடைக்கத்தான் எஸ்டிமேட் போட வேண்டும்.