பொழுதுபட்டால் வீரிட்டு அழும் பிள்ளை

கேள்வி: இது எனக்கு முதல் பிள்ளை. 7 கிழமை ஆகிறது. பகல் முழுக்க நல்ல பிள்ளை. பின்னேரம் 6 மணி தாண்டினால் 9 மணி மட்டும் காலை மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுகிறான். மாமி பால் காணாது, பால்மா கொடு என்கிறார். கணவருக்குக் கொழும்பில் வேலை. சில நாள் அவனோடு சேர்ந்து நானும் அழுகிறேன். என்ன செய்வது?
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, 7 கிழமை, பின்னேரம் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. பிறந்து இரண்டு கிழமையளவில் கூடத் தொடங்கும் அழுகை 6, 8 கிழமையில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகக் குறையும். பொழுதுபட்டால்தான் கூட. நல்ல சுகமான பிள்ளையே நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் அழும்.

பால் காணுமா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் சலம் போகிறானா, கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் காணும். இதை மாமியோடு வாதாடி வெல்ல முடியாது. அடுத்த முறை மிட்வைஃப் வரும்போது மாமியையும் கூப்பிட்டு இருத்தி, அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஓமத்தண்ணியும் வேண்டாம், வசம்பும் வேண்டாம். குளிப்பாட்டியபின் போடும் சாம்பிராணிப் புகையையும் விடுங்கள், அது பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது.

அழத் தொடங்கினால் முதலில் தோளில் போட்டு ஏவறை எடுங்கள். இந்த வெக்கையில் தொப்பியும் சொக்ஸும் எதற்கு? கழற்றுங்கள். பிறகு உங்கள் முன்னங்கையில் குப்புறக் கிடத்துங்கள்: கன்னம் முழங்கை மடிப்பில், கால்கள் இரண்டு பக்கமும் தொங்க, வயிறு உங்கள் கையில் அழுந்தும்படி. அப்படியே விறாந்தையில் மெல்ல நடவுங்கள். என் மூத்தவனுக்கு இதுவும் சரிவரவில்லை. ஒருநாள் தொட்டிக்குத் தண்ணி ஏற்ற மோட்டரைப் போட்டேன், அவன் சத்தம் கப்பென்று நின்றது! அதன்பிறகு கிணற்றடிதான் எங்களுக்குத் தாலாட்டு. ஒரே மாதிரி இரையும் சத்தம் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எதைச் செய்தாலும் பத்து நிமிடமாவது அதையே செய்யுங்கள். நிமிடத்துக்கொன்று மாற்றினால் அவன் இன்னும் குழம்புவான். ஏணையில் ஆட்டலாம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நித்திரையானதும் தட்டையான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துங்கள்.

உங்களுக்குக் கோபம் ஏறினால் பிள்ளையைப் பாயில் மல்லாத்திவிட்டு முற்றத்தில் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அழட்டும், ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருபோதும் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்துவிடும்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் (100.4 பரனைட்) அல்லது அதற்கு மேல், பால் குடிக்க மறுத்தல், பச்சையாகச் சத்தி, மலத்தில் இரத்தம், துவண்டு கிடத்தல் — இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையா, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். உங்கள் அழுகை பகலிலும் தொடர்ந்து இரண்டு கிழமை தாண்டினால் அதையும் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அதுவும் மருந்துள்ள வருத்தம்தான்.

மாமி பிள்ளை வளர்த்த கை. 7 மணிக்கு அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் போய்ச் சூடாகச் சாப்பிடுங்கள்.