எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எழுதும் அறிவுரைக் கடிதம்

அன்புள்ள சார்,

தஞ்சை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 'நண்பனுக்கு அறிவுரை கூறிக் கடிதம்' எழுதச் சொன்னால் 34 பிள்ளைகளும் ஒரே கடிதத்தைத்தான் தருகிறார்கள். 'ஐ ஆம் ஃபைன், ஹவ் ஆர் யூ' என்று தொடங்கி 'யூ ஷுட் ஸ்டடி வெல்' என்று முடியும். நடுவில் இருப்பது நான் போர்டில் எழுதிப் போட்டது. பத்திரிகைகளில் வரும் பிரச்சினைக் கடிதங்களைப் போல எதையாவது வைத்து நடத்தலாமா என்று யோசித்தேன். அது வெள்ளைக்காரப் பழக்கம், நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்கிறார் சக ஆசிரியர். நீங்கள் டியூஷன் எடுத்தபோது இதை எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

முதலில் உங்கள் சக ஆசிரியரின் கவலையைத் தீர்த்துவிடலாம். லண்டனில் 1691-லேயே ஜான் டன்டன் என்பவர் தன் பத்திரிகையில் முகம் தெரியாத வாசகர்களின் சிக்கல்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தார், அந்த வகையில் வெள்ளைக்காரப் பழக்கம்தான். ஆனால் தினமலர் வாரமலரில் அனுராதா ரமணன் பதில் எழுதிய 'அன்புடன் அந்தரங்கம்' பகுதியை நம் ஊரில் எத்தனை வீடுகளில் முதலில் புரட்டினார்கள் என்று அந்தச் சக ஆசிரியரிடமே கேளுங்கள். அதில் வந்த விஷயங்கள் வகுப்புக்கு ஆகாது, சரி. அடுத்தவர் பிரச்சினைக்கு யோசனை சொல்லும் ஆசை நமக்கு ஒட்டாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. 'செல்போன் பழக்கத்தை விடும்படி நண்பனுக்கு அறிவுரை கூறிக் கடிதம் எழுதுக.' யார் அந்த நண்பன், எத்தனை மணி வரைக்கும் போன் பார்க்கிறான், அது யாருடைய போன், எதுவும் கிடையாது. எழுதுகிறவன் பெயர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊர் ஒய் ஒய் ஒய். பரீட்சைக்கு அது வேண்டும்தான், அடையாளம் தெரியக்கூடாது. ஆனால் வருஷம் முழுக்க எக்ஸ் எக்ஸ் எக்ஸாகவே இருந்து எழுதிப் பழகிய பிள்ளை 'யூ ஷுட் ஸ்டடி வெல்' தவிர வேறு என்னதான் எழுதும்?

அதனால் நான் பதிலை விட்டுவிட்டுப் பிரச்சினையை முதலில் எழுதச் சொன்னேன், அரைப் பக்கம், பெயர் போடாமல், ஒரு காலி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே வேறு தாளில் எழுதி, பதில் எழுதச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏனென்றால் வீட்டில் அடி உதை போன்ற ஒன்று திடீரென்று வந்து விழும். அது வகுப்புக்குப் போகக்கூடாது. அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், அதுதான் அழகு. ஒருவன் எழுதியிருந்தான்: அக்காவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள், நடுவில் பார் கிடையாது, முன்னால் கூடை வேறு, அக்கா கல்லூரிக்குப் போய்விட்டதால் இப்போது அவன்தான் ஓட்ட வேண்டுமாம், பையன்கள் சிரிக்கிறார்கள். இதற்கு ஒரு பையனின் பதில், 'யூ ஷுட் ரெஸ்பெக்ட் யுவர் சிஸ்டர். சைக்கிளிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்.' இன்னொரு பெண் எழுதினாள்: 'ரிமூவ் தி பாஸ்கெட். கம் டென் மினிட்ஸ் அர்லி. ஆஃப்டர் ஒன் வீக் தே வில் ஃபைண்ட் அனதர் பாய் டு லாஃப்.' கடைசியில் ஒரு 'அட்' விட்டுப்போயிருந்தது. பழக்கதோஷம், சிவப்பு மையில் சுழித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சுழியை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு வந்த தாள்களில் பிரச்சினையைப் படித்துவிட்டு எழுதியவள் அவள் ஒருத்திதான்.

இலக்கணம் இதற்குப் பிறகு வரட்டும். எல்லாமே 'ஷுட்' ஆக இருப்பதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. போர்டில் 'போ, போயேன், போகலாமே, போய்த்தான் பாரேன், போனால் என்ன' என்று எழுதிவிட்டு எதை யாரிடம் சொல்வாய் என்று கேளுங்கள். தம்பிக்கு எது, அத்தைக்கு எது என்று ஒரு பிள்ளைகூடத் தப்பாகச் சொல்லாது. அப்புறம் 'வொய் டோன்ட் யூ', 'யூ குட்', 'இட் மைட் ஹெல்ப் இஃப் யூ', 'யூ மஸ்ட்' எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதி, எது எதோடு சேரும் என்று அவர்களையே சண்டை போட விடுங்கள். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பொருந்தாது, பரவாயில்லை, சண்டைதான் பாடம்.

'ஹேட் பெட்டர்' மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. 'பெட்டர்' இருப்பதால் அது ரொம்ப மென்மையானது என்று நினைத்துப் பெரியவர்களுக்கெல்லாம் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் ஒரு 'இல்லேன்னா பார்' ஒளிந்திருக்கிறது. அம்மா 'மருந்தைக் குடிச்சுடு' என்று சொல்லும்போது அந்த 'டு'வில் இருக்கிற அழுத்தம் மாதிரி. 'இஃப் ஐ வேர் யூ' வந்தால் யாராவது கட்டாயம் 'ஐ-க்கு வாஸ்தானே சார்' என்பார்கள். நான் நீயாக ஆகவே முடியாது இல்லையா, நடக்காத காரியம் என்பதற்காகத்தான் அந்த 'வேர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

'யூ டூ ஒன் திங்' வரும், நிச்சயம் வரும். 'நீ ஒண்ணு பண்ணு' அப்படியே ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வருவது. முதல் வரைவில் அதை அடிக்காதீர்கள், அதற்கு அடுத்த வரியில்தான் பிள்ளை நிஜமான யோசனையைச் சொல்லப்போகிறது. இரண்டாம் வரைவில் அந்தத் தொடக்கத்தை மட்டும் வெட்டினால் போதும். விடைத்தாள் திருத்துகிறவருக்கு அது பிடிக்காது. 'அட்வைசஸ்' என்று பன்மை போடுவதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கான அமைப்பு, முகவரி, தேதி, எக்ஸ் எக்ஸ் எக்ஸ் இதெல்லாம் தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு பீரியட் போதும்.

சைக்கிளில் கூடை போனதா என்று கேட்பீர்கள். போகவில்லை. டியூஷன் வாசலில் கூடையோடுதான் கடைசி வரை நின்றது (பெயர் போடாததெல்லாம் நம் திருப்திக்குத்தான்). அம்மா அதில்தான் காய்கறி வாங்கிவரச் சொல்கிறார்களாம். ஆனால் பத்து நிமிஷம் முன்னால் வர ஆரம்பித்துவிட்டான்.