பாலை நகரத்தில் நாய்ப் பூங்கா: முதலில் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அரிசோனாவில் பீனிக்ஸை அடுத்த சாண்ட்லரில் குடியேறி இரண்டு மாதம் ஆகிறது, காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் அதை அவிழ்த்துவிட்டு ஓடவிட பீனிக்ஸ் பக்கம் எந்தப் பூங்கா நல்லது என்று கேட்டிருந்தீர்கள். பூங்காவின் பெயரைச் சொல்வதற்கு முன் அந்த ஆறு மணியை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். இந்த ஊரில் எந்தப் பூங்கா என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் நாயின் உயிரைக் காக்கிறது.

மாலை ஆனால் வெயில் தணிந்துவிடும் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. இங்கே கோடையில் அது நடப்பதில்லை. பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கிய தார்ச்சாலையும் கான்கிரீட் தரையும் சூரியன் மறைந்த பிறகும் பல மணி நேரம் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஜூலையில் இரவு எட்டு மணிக்குக்கூட 100 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், இருப்பது சாதாரணம். 2023ஆம் ஆண்டு தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. அந்த ஜூலையில் ஒரு விடியற்காலையில் குறைந்தபட்ச வெப்பமே 97 பாரன்ஹீட். உச்சி வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 160 பாரன்ஹீட்டைத் தாண்டும். அது 71 செல்சியஸுக்கு மேல். நாயின் பாதம் சில நொடிகளில் வெந்துவிடும். கார் நிறுத்துமிடத்திலிருந்து பூங்காவின் வாயில் வரை உள்ள அந்தச் சில அடிகளே போதும்.

நாள் முழுவதிலும் தரை மிகக் குளிர்ந்திருப்பது சூரிய உதயத்தை ஒட்டிய நேரத்தில்தான். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் வழக்கம் இல்லை. அதனால் ஜூனில் காலை 5.20 வாக்கிலேயே விடிந்துவிடுகிறது. மே மாதத்திலிருந்து செப்டம்பர் முடியும் வரை விடிந்ததும் போய், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை வாயிற்பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பூங்காக்கள். உங்கள் ஊரிலேயே ஸ்னெடிகர், நொசோமி, ஷானி, மேற்கு சாண்ட்லர் பூங்கா ஆகியவற்றில் நாய்களுக்கென்று வேலியிட்ட இடங்கள் இருக்கின்றன. பக்கத்து ஊரான கில்பர்ட்டில் உள்ள காஸ்மோ பூங்காவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அந்த ஊர்க் காவல்துறையில் பணியாற்றிய ஒரு நாயின் பெயரைத் தாங்கிய பூங்கா அது. நாய்கள் நீந்துவதற்கென்றே அங்கே ஓர் ஏரி உண்டு. ஸ்காட்ஸ்டேலின் சாப்பரல் பூங்காவும் பலருக்குப் பிடித்த இடம். பீனிக்ஸ் நகரின் நடுவே ஹான்ஸ் பூங்காவிலும் ஸ்டீல் இந்தியன் ஸ்கூல் பூங்காவிலும் இடம் இருக்கிறது, ஆனால் அவை உங்களுக்குத் தொலைவு.

என்னைக் கேட்டால், புகழ்பெற்ற பூங்காவைவிட வீட்டிலிருந்து சில நிமிடத்தில் போய்விடக்கூடிய சிறிய பூங்காவையே அன்றாடத்திற்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். விடியற்காலைப் பழக்கம் நிலைக்க வேண்டுமானால் தூரம் குறைவாக இருக்க வேண்டும். திரும்பும்போது நாய் களைத்திருக்கும், காரும் சூடேறத் தொடங்கியிருக்கும். வழியில் காப்பி வாங்க ஒரு நிமிடம் நிறுத்தினாலும் நாயைக் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். ஆபத்தில் இருக்கும் நாயைக் காப்பாற்றக் கண்ணாடியை உடைப்பவருக்கு, அவசர உதவியை அழைத்து அவர்கள் வரும்வரை அங்கேயே நின்றால், சட்டப் பாதுகாப்பு தரும் சட்டம் 2017இல் இங்கே வந்தது. அப்படி ஒரு சட்டம் தேவைப்படுகிற வெயில் இது.

முதல் தடவை நாயை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். தரை என்ன என்று பாருங்கள்: புல்லா, சரளையா, செயற்கைப் புல்லா. அடுக்குமாடிக் குடியிருப்புகள் விளம்பரத்தில் ‘நாய்ப் பூங்கா’ என்று காட்டுவது பெரும்பாலும் செயற்கைப் புல் விரித்த ஒரு துண்டு நிலம்தான். நேரடி வெயிலில் அது தார்ச்சாலைக்கு நிகராகக் கொதிக்கும். நிழல் எந்தப் பக்கம், காலையில் அது எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். வாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் இருக்க வேண்டும். சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி இருந்தால் நல்லது. குடிநீர்க் குழாய் வேலை செய்கிறதா என்று திறந்து பாருங்கள், இருந்தாலும் தண்ணீரும் கிண்ணமும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பலர் பயன்படுத்தும் பொதுக் கிண்ணத்தில் என் நாயைக் குடிக்க நான் விடுவதில்லை. பழைய பூங்காக்கள் சிலவற்றில் வாய்க்கால் நீரைப் புல்வெளி முழுவதும் தேங்கும்படி பாய்ச்சுவார்கள், அன்று எல்லாம் சேறாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்பது. உரிமையாளர்கள் தங்கள் நாயின் பின்னால் நடக்கிறார்களா, அல்லது பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறார்களா? இதைப் பார்த்தாலே அந்தப் பூங்கா பாதுகாப்பானதா என்று தெரிந்துவிடும். காலையில் வருபவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், அதே நாய்கள். அந்தப் பழக்கம் புதிய நாய்க்குப் பெரிய உதவி.

உங்கள் நாய் காப்பகத்திலிருந்து வந்தது என்பதால் இன்னொன்று. கூப்பிட்டால் திரும்பி வரும் வரை அவிழ்த்துவிட வேண்டாம். முதலில் வேலிக்கு வெளியே வாரில் பிடித்தபடி நடத்துங்கள். உள்ளே இருக்கும் நாய்களை அது பார்க்கட்டும், முகரட்டும். நுழையும்போது வாயிலருகே நாய்கள் கூடி நின்றால் அவை விலகும் வரை காத்திருங்கள். வால் ஒடுங்கி உங்கள் கால்களுக்கிடையே ஒளிந்தால், அல்லது ஒரு நாய் மற்றொன்றின் மேல் விடாமல் ஏறிக்கொண்டே இருந்தால், உடனே வெளியே வந்துவிடுங்கள். சில நாய்களுக்குப் பூங்காவே பிடிப்பதில்லை, அதில் குறை ஒன்றும் இல்லை.

மூன்று மாதம் நிறைந்த நாய்க்கு, நம் ஊர்கள் அடங்கிய மாரிக்கோபா கவுண்டியின் (மாவட்டத்தின்) உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கட்டாயம். உரிமத் தகடு கழுத்துப்பட்டையில் தொங்க வேண்டும். லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். 2016, 2017ஆம் ஆண்டுகளில் இந்த கவுண்டியின் நாய்களிடையே அந்த நோய் பரவியது.

அடுத்து நான் சொல்வதை தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று இங்கே எல்லோரும் அறிந்த ஒரு நோய் இருக்கிறது. பாலை மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் புழுதியோடு மூச்சில் கலப்பதால் வருவது. மண்ணை முகர்ந்து தோண்டுவது நாயின் குணம் என்பதால் அவற்றுக்கு வாய்ப்பு அதிகம். பல நாய்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. சிலவற்றுக்கு விடாத இருமல், காய்ச்சல், பசியின்மை, எடைக் குறைவு. எலும்புக்குப் பரவினால் நொண்டும். எங்கள் நாய்க்கு இருமலில்தான் தொடங்கியது. இரத்தப் பரிசோதனையில் உறுதியாகி, ஏறக்குறைய ஓராண்டு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை கொடுத்தோம், இன்று நன்றாக இருக்கிறது. நாயிடமிருந்து நமக்கு ஒட்டாது, ஆனால் அதே புழுதியை நாமும் சுவாசிக்கிறோம். எனவே புழுதி பறக்கும் வெற்றுத் தரைப் பூங்காவைவிடப் புல் தரை மேல். புழுதிப்புயல் எச்சரிக்கை வந்த நாளில் வெளியே வேண்டாம்.

பருவமழைக் காலத்து இரவுகளில் சொனோரன் பாலைத் தேரைகள் வெளிவரும். அவற்றின் தோல் சுரப்பியில் நஞ்சு உண்டு. நாய் கவ்விவிட்டால் வாயின் பக்கவாட்டில், நீர் தொண்டைக்குள் போகாதபடி, குழாய் நீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். வேலி ஓரங்களில் அரளி மிகுதியாக நட்டிருப்பார்கள். அதன் நஞ்சு நமக்குத் தெரியாததல்ல. தொட்டாலே துண்டாக உடைந்து ஒட்டிக்கொள்ளும் கள்ளி வகையும் உண்டு, அதைக் கையால் பிடுங்காமல் சீப்பால் நெம்பி எடுக்க வேண்டும். மலைப்பாதைகளில் இவற்றோடு எளிதில் கண்ணில் படாத கிலுகிலுப்பைப் பாம்புகளும் சேரும். 100 பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருக்கும்போது பீனிக்ஸ் நகரின் மலைப்பாதைகளில் நாய்களுக்குத் தடை. கேமல்பேக் மலையில் எப்போதுமே அனுமதி இல்லை.

நாயின் மூச்சிரைப்பு கட்டுக்கடங்காமல் போய், நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வடிந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. முதலில் குளிரவையுங்கள், பிறகு கொண்டுசெல்லுங்கள். நிழலில் வைத்து உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி, காற்று படச் செய்து, ஏ.சி. போட்ட காரில் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பார்வைக்குத் தேறிவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்புகளின் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும். மழைக்காலத்தில் வெப்பம் சற்றுக் குறைந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். நாய் மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது, காற்றில் ஈரம் ஏறினால் அது சரியாக நடக்காது.

கோடையில் பூங்காவுக்குப் போக முடியாத நாட்கள் நிறைய வரும். வீட்டுக்குள் தீனியை ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள், மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் ஓடியதைப் போலவே களைக்கும். விடுமுறை கிடைத்தால் வடக்கே ஃப்ளாக்ஸ்டாஃப் போங்கள். சுமார் 7,000 அடி உயரத்தில் பைன் காடு, பகலிலும் நாய் நடக்கலாம். இலையுதிர் காலத்தில் குளிர்காலப் புல் விதைப்பதற்காகப் பூங்காக்களைச் சில வாரங்கள் மூடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை நீங்கள் ஆசைப்பட்ட அந்த மாலை நேரமும் உங்களுக்குக் கிடைக்கும்.

நாய் என்ன இனம் என்று எழுதவில்லை. பக், புல்டாக் போலத் தட்டை மூக்கு நாயாக இருந்தால், கோடையில் பூங்காவையே மறந்துவிடுங்கள். விடியலில் வீட்டைச் சுற்றி ஒரு சிறு நடை போதும்.