வீட்டு ரூட்டரில் கியூஓஎஸ் விதிகளை எழுதியும் அழைப்பில் குரல் அறுபடுவது ஏன்?

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் நிறுவிய ரூட்டரில், எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று வகைப்படுத்தும் கியூஓஎஸ் விதிகள் பதினான்கை எழுதியிருப்பதாகவும், வீட்டில் யாராவது பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கியதும் வீடியோ அழைப்பில் குரல் அறுபடுவது மட்டும் நிற்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேரன்மகாதேவியில் என் வீட்டின் கீழ்த்தளத்தில் புகைப்பட ஸ்டூடியோ நடத்துகிறேன். மாடியில் அக்காள் மகள் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறாள். முகூர்த்த மாதங்களில் ஒரு கல்யாண ஆல்பத்துக்கு எட்டு, பத்து ஜிபி படங்களை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், "மாமா, கீழ ஆல்பம் ஏத்துதியளா?" என்ற குரல் மாடிப்படியில் கேட்காத மாலை அப்போது அபூர்வம். உங்கள் பதினான்கு விதிகள் எனக்கு வியப்பளிக்கவில்லை. நான் பதினேழு எழுதியிருந்தேன்.

விதிகளில் பிழை இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பாக்கெட்டுகள் (தரவு பிரிந்து செல்லும் சிறு துண்டுகள்) எங்கே தேங்குகின்றன என்பதைத்தான். என் ரூட்டரிலிருந்து ஃபைபர் பெட்டிக்குச் செல்லும் கம்பி விநாடிக்கு 1000 மெகாபிட் கொள்ளும். அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போக எனக்குக் கிடைப்பதோ 20 மெகாபிட். ஆகவே வரிசை பெட்டிக்குள்தான் உருவாகிறது. ரூட்டரில் எதுவும் காத்திருப்பதில்லை, காத்திருக்காதவற்றில் எதை முந்தவிடுவது? 20 மெகாபிட் என்பது விநாடிக்கு 2.5 மெகாபைட் என்பதால், பெட்டியின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) ஒரு மெகாபைட் தேங்கினாலே பின்னால் வரும் குரல் பாக்கெட் 400 மில்லிவிநாடி நிற்க வேண்டும். இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பதே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரையின் அளவு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மடை நம் கையில் இல்லாதவரை, எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று நாம் போடும் முறை வெறும் பேச்சுதான்.

மடையை ரூட்டருக்குக் கொண்டுவர, ரூட்டரின் எஸ்கியூஎம் (வரிசை மேலாண்மை) பக்கத்தில் அப்லோடு வேகத்தை அளந்ததைவிடக் குறைத்து எழுத வேண்டும். நான் 20 கிடைக்கும் இடத்தில் 18 என்று வைத்தேன். அந்த 2 மெகாபிட்டை இழப்பதற்கு மனம் வரவில்லைதான். ஆனால் ஒரு விதிகூட இல்லாத நிலையிலேயே, ஆல்பம் ஏறும்போது 400 மில்லிவிநாடியைத் தாண்டிய பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 30-க்குக் கீழே வந்தது. வரிசை முறையாக கேக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 2018-இல் லினக்ஸ் கெர்னல் 4.19-இல் சேர்க்கப்பட்டது. இங்கே ஒரு பள்ளம் உண்டு. பீஸ் ஆஃப் கேக் என்ற அமைப்பு, விதிகள் பாக்கெட்டில் இடும் முன்னுரிமைக் குறிகளைப் பொருட்படுத்துவதே இல்லை. லேயர் கேக் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் உங்கள் விதிகளுக்கு உயிர் வரும். மென்பொருள் அல்லது வன்பொருள் ஃப்ளோ ஆஃப்லோடிங் (பாக்கெட்டுகளை விரைவாகக் கடத்தும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். பாக்கெட்டுகள் வரிசையைத் தொடாமலே குறுக்குவழியில் போய்விடக்கூடும்.

இனி விதிகள். அவசரமானவற்றை ஒவ்வொன்றாக மேலே தூக்க முயல்வதைவிட, அவசரமில்லாத பெருஞ்சுமையை அடையாளம் கண்டு கீழே இறக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நான் முதலில் செய்தது இதற்கு நேர்மாறானது: அழைப்புகள் யூடிபி என்ற அனுப்பும் முறையின் 443 போர்ட் (இணைப்பு வாயில் எண்) வழியாகவும் போகும் என்று படித்துவிட்டு அந்தப் போர்ட் முழுவதற்கும் உயர்ந்த குறியைக் கொடுத்தேன். யூடியூப் உட்படப் பலவும் பயன்படுத்தும் குவிக் நெறிமுறை செல்லும் வழியும் அதுவே என்பதால், பெரும்பாதிப் போக்குவரத்து முதல் வரிசைக்கு வந்து நின்றது. எல்லோரும் முதல் வரிசையில் நின்றால் அது பழைய வரிசைதான்.

இப்போது என்னிடம் இருப்பவை இரண்டே விதிகள். ஸ்டூடியோக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி கொடுத்து, அங்கிருந்து வெளியே செல்லும் அனைத்துக்கும் ஃபயர்வாலின் போக்குவரத்து விதிகள் பக்கத்தில் சிஎஸ்1 என்ற, தாழ்ந்த முன்னுரிமையைக் காட்டும் டிஎஸ்சிபி குறியை இட்டிருக்கிறேன். போர்ட்டைக் கொண்டு பிரிக்காததற்குக் காரணம், ஆல்பமும் மின்னஞ்சலும் வங்கித் தளமும் ஒரே 443-இல் செல்வதுதான். சிஎஸ்1 குறி பெற்றதைக் கேக் தன் முன்னுரிமைத் தட்டுகளில் கடைசித் தட்டில் வைக்கிறது. நெரிசலிலும் அதற்குப் பதினாறில் ஒரு பங்கு, அதாவது என் 18-இல் 1.1 மெகாபிட் அளவு, கிடைத்துக்கொண்டே இருக்கும். மாடியில் யாரும் பயன்படுத்தாதபோது முழு வேகமும் அதற்கே. இரண்டாவது விதி, யூடிபி 3478 முதல் 3481 வரையும் 19302 முதல் 19309 வரையும் உள்ள போர்ட்டுகளுக்குச் செல்பவற்றுக்கு ஏஎஃப்41 என்ற உயர்ந்த குறி இடுகிறது. டீம்ஸ், மீட் ஆகியவற்றின் அழைப்புகள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். ஜூம் பயன்படுத்துவோர் 8801 முதல் 8810 வரை சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் குறிக்குத் தனித் தட்டு கிடைக்க, எஸ்கியூஎம்மின் கூடுதல் விருப்பங்களில் டிஃப்சர்வ்4 என்று எழுத வேண்டும்.

டவுன்லோடு பக்கத்துக்கு இவ்விதிகள் செல்லுபடியாகா. உள்ளே வரும் பாக்கெட்டை எஸ்கியூஎம் ஃபயர்வாலுக்கு முன்பே பிடித்துவிடுவதால், நாம் இடும் குறியை அது பார்ப்பதில்லை. கனெக்‌ஷன் மார்க்கில் குறியைச் சேமித்து மீட்டெடுக்கும் வழி இருந்தாலும், வீட்டுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். வேகத்தைக் குறைத்து வைத்து, சாதனங்களுக்கிடையே சமமாகப் பங்கிடும்படி விருப்பங்களில் அமைத்தாலே போதும்.

விதி வேலை செய்கிறதா என்பதை வேகச் சோதனைத் தளத்தில் பார்க்காமல், ரூட்டரில் போக்குவரத்து வரிசைகளைக் கவனிக்கும் டிசி கட்டளை காட்டும் புள்ளிவிவரத்தில் பாருங்கள். ஒவ்வொரு தட்டிலும் எத்தனை பாக்கெட்டுகள் சென்றன என்று அது எண்ணிக்கை தரும். போன மாதம் மாடியில் மறுபடியும் குரல் அறுபட்டபோது கடைசித் தட்டின் எண்ணிக்கை அசையாமல் நின்றது. ஸ்டூடியோக் கணினியின் நெட்வொர்க் கார்டை மாற்றியதில் ஐபி முகவரியும் மாறியிருந்தது. விதியோ ஆளில்லாத பழைய முகவரிக்குக் காவல் இருந்தது.