குழியைக் குளி ஆக்காத குரல்

கேள்வி: குறுவை, சம்பா வேலைகளைப் பற்றி எங்கள் பக்கத்து விவசாயிகளுக்காக யூடியூபில் சின்ன வீடியோக்கள் போடுகிறேன். பேசக் கூச்சமாக இருப்பதால் ஏஐ குரல் வைக்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கலாம்? தெருவில் ஒரு பெரியவர் அருமையாகப் பேசுவார், அவர் குரலை நகல் எடுக்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: காசு கட்டுவதற்கு முன், உங்கள் பேச்சிலிருந்தே இரண்டு வரி எடுத்து ஒவ்வொரு கருவியிலும் போட்டுக் கேளுங்கள். அவர்கள் வைத்திருக்கும் மாதிரிக் குரல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள். "ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாச்சு, பூதலூர்ப் பக்கம் 3 மா நிலத்தில், அதாவது 300 குழியில், ஆடுதுறை 43 நெல் போடலாம்." இந்த ஒரு வரி போதும். குழி குளியாகிறதா, "12-ல்" என்பதை எப்படிப் படிக்கிறது, 43-ஐத் தமிழில் சொல்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பூதலூர். பூனைக்கும் பூமிக்கும் நாம் எழுதுவது ஒரே 'பூ'தான், சொல்வது வேறு. ஊர்க்காரருக்குத் தெரிவது இயந்திரத்துக்குத் தெரியாது. எண்களை எழுத்தில் எழுதினாலே பாதித் தொல்லை தீரும், முரண்டு பிடிக்கும் ஊர்ப்பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு தமிழ்க் குரல்கள் உண்டு, எழுத்துத் தமிழைத் தெளிவாகப் படிக்கும், விளக்க வீடியோவுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான் (இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் இருக்கின்றன, மாற்றி எடுத்துவிடாதீர்கள்). லெவன்லேப்ஸ் என்ற ஏஐ குரல் கருவியில் ஏற்ற இறக்கம் நன்றாக வரும், ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் எடுத்த குரலை வருமானம் வரும் வீடியோவில் போட அனுமதி இல்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு தமிழ்க் குரல் மாடல்களை இலவசமாகவே தந்திருக்கிறது, கணினி தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் முயலலாம். எதுவானாலும் கடைசியில் போன் ஸ்பீக்கரில், மோட்டார் ஓடும் இடத்தில் வைத்துக் கேளுங்கள், உங்கள் ஆட்கள் அங்கேதான் கேட்பார்கள்.

பெரியவர் விஷயம். அவர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள், நகல் குரல் என்பதை வீடியோவிலும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: நீங்கள் உர அளவைத் தவறாக எழுதிவிட்டால், அந்தக் குரலை நம்பி நாலு பேர் வயலில் போட்டுவிடுவார்கள், அப்புறம் வந்து கேட்பது அவர் வாசலில்தான். ஒவ்வொரு வீடியோவையும் அவருக்குப் போட்டுக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே ஏற்றுங்கள்.