பழைய இங்கிலாந்து நகரச் சுகாதார அறிக்கைகளில் ஒரே ஆண்டுக்கு இரண்டு இறப்பு விகிதங்கள் இருப்பது ஏன்?

ஈஸ்ட்போர்ன், வொர்திங் மாதிரி கடலோர நகரங்களின் அறிக்கையைப் புரட்டினால் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். பிறப்பை விட இறப்பு அதிகம். ஊரில் ஏதோ கொள்ளைநோய் போல என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. வேலையில் ஓய்வு பெற்றவர்கள் கடல்காற்றுக்காக வந்து குடியேறும் ஊர்கள் அவை. முதியவர்கள் நிறைந்த ஊரில் சாவு கூடத்தான் இருக்கும்.

அதனால்தான் திருத்தக் காரணி என்று ஒன்று வைத்தார்கள். 50,000 பேர் வாழும் ஊரில் ஆண்டுக்கு 800 பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேருக்கு 16. அந்த ஊரின் வயது, பாலினக் கலவைக்கு உரிய காரணி 0.7 என்றால், 16ஐ அதால் பெருக்க 11.2. நாட்டுச் சராசரியோடு ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். அப்புறம், வெளியூர்க்காரர் அங்குள்ள மருத்துவமனையில் இறந்தால் அந்தக் கணக்கு அவருடைய சொந்த ஊருக்குப் போய்விடும்.

திருத்தாத எண்ணுக்கும் ஒரு காலத்தில் பெரிய மரியாதை இருந்தது. 1848 பொதுச் சுகாதாரச் சட்டப்படி, ஓர் ஊரில் இறப்பு 1,000க்கு 23ஐத் தாண்டினால், ஊரார் கேட்காமலேயே அங்கே சுகாதார வாரியத்தை அமைக்க முடிந்தது!

என்னைக் கேட்டால், முதலில் சிசு மரண விகிதத்தைப் பாருங்கள். அதை உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளுக்கு எத்தனை என்று கணக்கிடுவதால், ஊரில் எத்தனை முதியவர்கள் இருந்தாலும் அந்த எண் அசையாது.